பூனைக்குட்டியைத் தத்தெடுக்கும் முன்: பதினைந்து ஆண்டுப் பொறுப்பை எங்களால் ஏற்க முடியுமா?

தறிவாசல் (சேலம், அம்மாப்பேட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டை ஒட்டியுள்ள தறிக்கூடத்தில், பழைய சாக்குகள் குவிந்து கிடக்கும் மூலையில், ஒரு பூனை நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. இன்றோடு அவற்றுக்கு ஐந்து வாரம் ஆகிறது. ஒன்பது வயதான எங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறாள். அவற்றுள் சாம்பல் நிறத்தில், நெற்றியில் கோடு விழுந்த ஒரு குட்டி அவள் மடியில் ஏறிப் படுத்து உறங்கப் பழகிவிட்டது. தறிக்கூடத்துக்காரர் எனக்கு அண்ணன் முறை ஆகிறவர். "பாப்பாவுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள் அம்மா, இல்லாவிட்டால் கொஞ்சம் வளர்ந்ததும் நான்கையும் மார்க்கெட் பக்கம் விட்டுவிட வேண்டியதுதான்" என்கிறார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பூனைக்கு ஒவ்வொரு முறையும் பால் வாங்கி ஊற்றுகிறவர் அவர்தான். இது மூன்றாவது ஈற்று என்பதால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

என் தயக்கத்துக்குக் காரணம் ஒரு கணக்கு. நல்லபடியாக வளர்க்கப்படும் வீட்டுப் பூனை பதினைந்து ஆண்டுகள் சாதாரணமாக வாழும் என்று படித்தேன். இன்னும் ஒன்பது ஆண்டுகளில் மகள் கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவாள். அப்போது பூனைக்கு ஒன்பது வயதுதான் ஆகியிருக்கும். அதன் பிற்பாதி வாழ்க்கை, அதாவது நோயும் மருத்துவமனையும் வரக்கூடிய பகுதி, முழுவதும் என் பொறுப்பில் வரும். என் கணவருக்கு மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியிட மாற்றம் உண்டு. வரும் மே மாதத்தில் ஒன்று எதிர்பார்க்கிறோம். உடன் இருக்கும் அத்தைக்கு எழுபது வயது, குளிர்காலத்தில் இளைப்பு வரும்.

நான் பிறந்து வளர்ந்தது ஆத்தூரில். அங்கே எங்கள் வீட்டிலும் பூனைகள் இருந்தன, ஆனால் யாரும் அவற்றை "வளர்த்ததாக" இப்போது எனக்குத் தோன்றவில்லை. மிஞ்சிய பால் சோற்றை வைப்போம், அவை எலி பிடிக்கும், ஒரு நாள் வராமல் போகும், "பூனை தானாக வந்தது, தானாகப் போனது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஒன்றுகூட மூன்று நான்கு வயதைத் தாண்டி எங்கள் வீட்டில் இருந்ததாக நினைவில்லை. அந்த வகையில் இன்னொரு உயிரை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. பூனையை அதன் முதுமை வரை வைத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தால், உண்மையில் என்னென்ன வரும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடியாமல் போனவர்கள் இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள், அதையும் நான் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (சேலம், அஸ்தம்பட்டி) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்நடைத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். குட்டியை இப்போதே எடுத்துவராதீர்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது, பன்னிரண்டு வாரம் வரை விட்டால் இன்னும் நல்லது. எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம், நகத்தை எப்போது உள்ளிழுக்க வேண்டும் என்பதையெல்லாம் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது. அதுவரை உங்கள் மகள் தினமும் போய் மடியில் வைத்துக்கொள்வது மிகவும் நல்லது, ஏனெனில் மனிதக் கைக்குப் பழக வேண்டிய பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான்.

அடுத்தது தாய்ப்பூனை. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைபிடிக்கவும் கூடும். குட்டிகள் பால் மறந்ததும் அதற்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் உங்கள் அண்ணனுக்கு மார்க்கெட் யோசனையே தேவைப்படாது. அதற்கு ஆகும் செலவை நீங்களும் அவரும் பகிர்ந்துகொள்ளலாம். நீங்கள் எடுக்கப்போகும் குட்டிக்கும், ஆணோ பெண்ணோ, நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட வேண்டும். கடுவன் குட்டியாக இருந்து கருத்தடை செய்யாமல் விட்டால் வீட்டு மூலைகளில் எல்லாம் சிறுநீர் பீய்ச்சும், சண்டைக்குப் போய்க் காது கிழிந்து வரும், பிறகு ஒரு நாள் வராமலே போகும். உங்கள் ஆத்தூர் வீட்டுப் பூனைகளில் பாதிக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தடுப்பூசியை எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பன்லூகோபீனியா என்னும் கழிச்சல் நோய்க்கும், சளி நோய்கள் இரண்டுக்கும் சேர்த்து அது ஒரே ஊசிதான். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரம் ஆன பிறகு, அதன்பின் ஆண்டுதோறும். குழந்தை உள்ள வீட்டில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தடுப்பூசி போடாத பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உணவைப் பற்றி நம் ஊரில் இருக்கும் பெரிய தவறு பால் சோறு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, சோற்றில் அதற்குத் தேவையானது எதுவும் இல்லை. டாரின் என்றொரு சத்து பூனைக்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும், அதன் உடலால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. அது குறைந்தால் கண் பார்வை போகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. இதயமும் வீங்கித் தளர்ந்துவிடும் என்பதை 1987-இல் கலிபோர்னியாவின் கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்த பிறகுதான், கடையில் விற்கும் பூனைத் தீவனத்தில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். எனவே நல்ல பூனைத் தீவனமும், உப்பும் மசாலாவும் வெங்காயமும் பூண்டும் சேராத வேகவைத்த கோழி அல்லது மீனும் கொடுங்கள். நாய்த் தீவனம் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்து. அம்மாப்பேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் தறி உள்ள வீடுகளிலிருந்து வந்த பூனைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது நூல். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை, வாயில் ஏறிய நூலை அதனால் வெளியே துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முறை இரண்டு நாட்களாக வாந்தி எடுக்கும் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தபோது, அடிநாக்கைச் சுற்றி வெண்பட்டு இழை ஒன்று இறுகி, அந்த இடம் சிவந்து அறுபட்டிருந்தது. இழையின் மறுமுனை குடலுக்குள் போய், சுருக்குப்பையின் வாயைக் கயிறு இழுப்பதுபோலக் குடலைச் சுருக்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அறுவை செய்து காப்பாற்றினார். வீட்டில் இருந்தவர்கள் அந்த நூலைப் பிடித்து இழுத்திருந்தால் குடல் அறுந்து போயிருக்கும். தறிநூல், ஜரிகை, பூக்கட்டும் நூல், தையல் ஊசியோடு கூடிய நூல் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் வைக்கப் பழக வேண்டும், வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் தொடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னும் இரண்டே செய்திகள். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கடுவன் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வராமல் இருந்தால் அது மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது, சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களில் உயிர் போய்விடும். அத்தையின் இளைப்பைப் பொறுத்தவரை, ஒவ்வாமையை உண்டாக்குவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம், உடலை நக்கும்போது அது முடியெங்கும் படிந்துவிடுகிறது. ஆகவே முடி குறைந்த பூனையை எடுத்தால் தொல்லை இல்லை என்பது சரியல்ல. குட்டியை எடுப்பதற்கு முன் அத்தை சில நாட்கள் தறிக்கூடத்தில் அரை மணி நேரம் அவற்றோடு உட்கார்ந்து பார்க்கட்டும். அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மிளகுக்கொடி (ஏற்காடு) எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிற்பாதி வாழ்க்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை அருகிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். 2008-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காப்பிக் களத்தின் ஓரத்தில் நனைந்து கிடந்த ஒரு பெட்டைக் குட்டியை என் மனைவி முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். அது 2025-இல், தன் பதினேழாவது வயதில், எங்கள் வீட்டிலேயே இறந்தது. பூனையின் பதினைந்து வயது மனிதரின் எழுபத்தாறு வயதுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உணவு, தடுப்பூசி, மணல் மாற்றுதல் இவற்றைத் தவிர அது எங்களிடம் எதையும் கேட்கவில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.

பதினைந்தாம் வயதில் முதலில் மாறியது அதன் குதிப்பு. சமையலறை மேடைக்கு ஒரே தாவலில் ஏறுவது நின்று, முக்காலி வழியாக ஏறத் தொடங்கியது. பிறகு பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக்கூட விடாமல் குடித்தது, மணல் தட்டு நாள் முழுவதும் நனைந்தே இருந்தது. "வயசாகிவிட்டது, அதற்கும் நம்மைப்போலத்தான்" என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதங்களைக் கடத்திவிட்டேன். இந்தத் தவறு என்னுடையது, வேறு யாரையும் சொல்வதற்கில்லை. ஒரு நாள் ஏதோ தோன்றி மிளகு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தபோது, 4 கிலோ 200 கிராம் இருந்த பூனை 2 கிலோ 900 கிராமாக இருந்தது. தினமும் கையில் தூக்கிய எனக்கு அது தெரியவில்லை. மலையிறங்கிக் கொண்டுபோய் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். பெரும்பகுதி செயலிழந்த பிறகுதான் வெளியே தெரியுமாம். வயதான பூனைகளில் இது மிகவும் பரவலான நோய். குணமாக்க முடியாது, ஆனால் நிதானப்படுத்தலாம்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள், தோலுக்கடியில் நானே ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினேன். எப்படி என்று சொல்கிறேன், ஏனெனில் இதைக் கேள்விப்பட்டதும் பலரும் பயந்துவிடுகிறார்கள். மேலே எங்களுக்குக் குளிர் அதிகம் என்பதால் பாட்டிலை முதலில் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். மனைவி ஒரு கம்பளித் துண்டில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அதன் தாடையைத் தடவிக்கொண்டிருப்பார். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்தினால், உப்புநீர் இறங்க இறங்க அங்கே ஒரு கோழி முட்டை அளவுக்குப் புடைக்கும், அது சில மணி நேரத்தில் உடலில் கலந்து மறைந்துவிடும். முதல் வாரத்தில் என் கை நடுங்கியது. பிறகு பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு காலை வேலை ஆயிற்று.

அந்தப் பதினான்கு மாதங்களில் நானும் மனைவியும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியூரில் தங்கவில்லை. கோவையில் நடந்த அக்காள் மகன் திருமணத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன், அக்காளுக்கு அதில் வருத்தம்தான், இன்னும் முழுதாக ஆறவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, கையில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் எண்ணினேன். ஒன்பது இருந்தன. அதற்குப் பிறகு மாதக் கையிருப்பு இல்லாமல் நான் இருந்ததில்லை. பணம் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்களிடம் அது கேட்டது பெரும்பாலும் நேரத்தைத்தான்.

கடைசியில் அது மூன்று நாட்கள் எதையும் தொடாமல், வாய் நாற்றமெடுத்து, குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. மருத்துவர் இனி வலி மட்டுமே மிஞ்சும் என்றார். கூடையில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இன்னொரு முறை இறக்கிக்கொண்டு போக எனக்கு மனமில்லை, அவரே மேலே வந்து ஊசி போட இசைந்தார். என் மனைவியின் மடியில், அதே கம்பளித் துண்டில்தான் அது போனது. இந்த முடிவையும் நாம்தான் எடுக்க வேண்டும் என்பதைக் குட்டியைத் தூக்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

மறுபடியும் ஒரு குட்டியை எடுப்பீர்களா என்று கேட்டால், எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. குட்டியை எடுக்க மாட்டேன். எட்டு, பத்து வயதான பூனையை யாராவது வைத்துக்கொள்ள முடியாமல் தவித்தால் எடுத்துக்கொள்வேன், அதற்கு என் வயது போதும்.

வாடகைவீடு (முன்பு சேலம், தற்போது ஓசூர்) எழுதியது:

முடியாமல் போனவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். இதை வெளியில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அழகாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது ஒரு பூனையைக் குட்டியிலிருந்து நான்கு ஆண்டுகள் வளர்த்தேன். வேலை ஓசூருக்கு மாறியது. பதினோரு வீடுகள் பார்த்தேன், பூனை என்றதும் எட்டு வீட்டுக்காரர்கள் அங்கேயே முகம் திருப்பிவிட்டார்கள், மற்ற மூன்றும் என் சம்பளத்துக்கு எட்டவில்லை. சேர வேண்டிய தேதி நெருங்கியதும், வாழப்பாடிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு தெரிந்தவரிடம் விட்டேன். நல்லவர், அன்பாகத்தான் வாங்கிக்கொண்டார். தோட்டத்தில் சுதந்திரமாக இருக்கும் என்று நானும் என்னை நம்பவைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அது காணாமல் போய்விட்டது.

பூனை ஆளைவிட இடத்தைப் பற்றி வாழும் உயிர் என்பதும், புது இடத்துக்குக் கொண்டுபோனால் குறைந்தது இரண்டு மூன்று வாரங்கள் அறைக்குள்ளேயே வைத்து அந்த இடத்தின் வாசனையைப் பழக்கிய பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரிடம் இதைச் சொல்லியனுப்பும் அறிவு எனக்கு இருந்திருந்தால் அது இன்றும் இருந்திருக்கலாம். அது பழைய வீட்டைத் தேடித்தான் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அழகாபுரம் தெருக்களில் அதன் தீவன டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நடந்தேன். அந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும்.

உங்களுக்குப் பணியிட மாற்றம் இருப்பதால் இரண்டு விஷயங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். புது ஊரில் வீடு பார்க்கும்போது பூனை இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், முன்பணம் கொடுத்த பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். மாற்றலாகிப் போகும்போது ஒரு பூனை செலவு கூடும், தேடும் நாட்கள் கூடும், வீடு சற்றுத் தொலைவில் அமையும். அதை இப்போதே கணவரும் நீங்களும் ஒப்புக்கொண்டால் எடுங்கள். நான் ஒப்புக்கொள்ளாமலே எடுத்துவிட்டேன்.

கொலுசுப்பட்டறை (சேலம், கொண்டலாம்பட்டி) எழுதியது:

மேலே எழுதியவர்கள் அனுபவத்தில் பெரியவர்கள். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன். இவ்வளவையும் படித்த பிறகு அந்தச் சகோதரி பயந்து, வேண்டாம் என்று முடிவு செய்தால், குட்டி மார்க்கெட்டில் விடப்படும். மீன் கடைக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவே ஐந்து மாதக் குட்டி எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினைந்து ஆண்டுகளுக்கு உறுதி சொல்ல முடியாதவர் கொடுக்கும் ஐந்து நல்ல ஆண்டுகள், அதைவிட எத்தனையோ மேல். எங்கள் வெள்ளிப் பட்டறையில் மூன்று பூனைகள் இருக்கின்றன, மூத்ததற்குப் பதினோரு வயது. எடுத்த அன்று நான் எந்தக் கணக்கும் போடவில்லை. அமிலம் வைத்திருக்கும் அறையை மட்டும் பூட்டிவைக்கப் பழகினோம், மற்றதெல்லாம் நாளடைவில் வந்தது.

மிளகுக்கொடி (ஏற்காடு) எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மார்க்கெட்டைவிட எந்த வீடும் மேல்தான். ஆனால் இந்த அம்மா முன்னால் இரண்டு வழிகள் மட்டும் இல்லை. தனக்கு முடியாது என்று தோன்றினால், இரண்டு மூன்று மாதங்கள் மட்டும் வீட்டில் வைத்துத் தடுப்பூசியும் கருத்தடையும் முடித்து, விசாரித்து வேறொரு நல்ல வீட்டில் சேர்த்துவிடலாம். குட்டிப் பருவத்தில் வீடு கிடைப்பது எளிது, நான்கு வயதில் எவ்வளவு கடினம் என்பதை ஓசூர்ச் சகோதரி எழுதியிருக்கிறார். பட்டறையில் நீங்கள் கணக்குப் போடாமல் எடுத்தும் நன்றாக முடிந்ததற்குக் காரணம், பட்டறை இடம் மாறவில்லை, ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். மாற்றலாகும் குடும்பத்துக்கு அப்படி அமையாது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (சேலம், அஸ்தம்பட்டி) எழுதியது:

விட்டுவிடுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தி. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றம் என்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியால் வந்த சட்டம் அது, 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். முதல் குற்றத்துக்கு அதில் எழுதியுள்ள அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் பூனையை வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் தறிக்கூடத்து அண்ணனிடம் இது குற்றம் என்பதை மென்மையாகச் சொல்லுங்கள், பலருக்கும் தெரியாது. ஸ்கேன், பெரிய அறுவை போன்றவை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகில்தான், சேலத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தேவை வரும்போது தேடாமல், இப்போதே வழியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தறிவாசல் (சேலம், அம்மாப்பேட்டை) எழுதியது:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். அனைவருக்கும் நன்றி என்ற ஒரு சொல் போதாது. ஓசூர்ச் சகோதரி எழுதியதை இரவு என் கணவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாற்றல் வந்தால் அதுவும் நம்மோடு வரும், வீடு கிடைக்க ஒரு மாதம் கூடுதலானால் அந்த மாதம் நான் மட்டும் போய் இருந்துகொள்கிறேன்" என்றார். அவராகச் சொன்னார், நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஏதாவது நேர்ந்தால் யார் என்ற கேள்விக்கு, ஆத்தூரில் இருக்கும் என் தங்கை பொறுப்பேற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளும் இந்த இழையை முழுவதும் படித்துவிட்டுத்தான் சொன்னாள்.

அத்தை ஆறு நாட்கள் மாலையில் தறிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார். இளைப்பு வரவில்லை. மருத்துவரும், படுக்கையறைக்குள் மட்டும் விட வேண்டாம், மற்றபடி பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாங்கள் இப்படி நாள் கணக்காகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அத்தை ஒன்று சொன்னார். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டிக்கு அது தெரியாது, தாய் கவ்விக்கொண்டு போகும் இடத்துக்கெல்லாம் கழுத்தைக் கொடுத்துவிட்டுத் தொங்கும் என்று பெருமாள் கோயில் உபந்நியாசங்களில் சொல்வார்களாம். "அது பிடித்துக்கொள்ளாது, நீதான் விடாமல் இருக்க வேண்டும், அதை யோசித்துக்கொள்" என்றார்.

தாய்ப்பூனைக்கு அடுத்த மாதம் கருத்தடை செய்ய நாள் குறித்தாயிற்று, செலவில் பாதியை அண்ணன் தருகிறார். மற்ற மூன்று குட்டிகளில் ஒன்றுக்கு மகளின் வகுப்புத் தோழி வீட்டில் இடம் கிடைத்திருக்கிறது, இரண்டுக்கு இன்னும் தேட வேண்டும், இங்கே படிப்பவர்களில் யாருக்காவது விருப்பம் இருந்தால் எழுதுங்கள். சன்னல்களுக்கு வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். நேற்று மகள் வீடு முழுக்கத் தவழ்ந்துபோய், கட்டிலுக்கு அடியிலும் தையல் மிஷின் மிதிக்கு அடியிலும் கிடந்த நூல் துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவைத்தாள். முக்கால் பாட்டில் இருந்தது.

ஏற்காட்டு ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும் என்பதை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் இருப்பது நூல் நிறுக்கும் பழைய தட்டுத் தராசு. குட்டியை அதில் வைத்தால் தட்டு ஆடி அது பயந்து குதிக்கிறது. உங்கள் பூனையை மிளகுத் தராசில் அசையாமல் எப்படி உட்கார வைத்தீர்கள்?

மிளகுக்கொடி (ஏற்காடு) எழுதியது:

முதலில் ஒரு கூடையை மட்டும் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா. பிறகு அந்தக் கூடையில் மகளின் பழைய பாவாடைத் துணி ஒன்றை விரித்து, நான்கைந்து நாட்கள் தராசில் வைக்காமல் வெறும் தரையிலேயே விட்டுவிடுங்கள். பூனை தானாக ஏறிப் படுத்து உறங்கத் தொடங்கும். உறங்கும்போது கூடையோடு தூக்கித் தராசில் வைத்து, கூடையின் எடையையும் துணியின் எடையையும் கழித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அப்படித்தான் செய்தோம். அந்தக் கூடை இன்னும் என்னிடம் இருக்கிறது, அடுத்த முறை சேலம் இறங்கும்போது கொண்டுவந்து தருகிறேன்.